குற்றவாளிக் கூண்டில் மருத்துவச்சியா?

“இந்தக் காலத்தில் மருத்துவச்சி எதற்கு? அது பாட்டி காலத்துத் தொழில். டாக்டர் இருக்கிறார், ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தக் காலத்தில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்ததற்கு இந்தப் படிக்காத மருத்துவச்சிகளும், பழக்கத்தை விடாத ஏழைப் பெண்களும்தானே காரணம்?”

சில கனவான்கள் இப்படிப் பேசுகிறார்கள். நம் தோழர்களிலும் சிலர் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். ஆகவே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2023ல் உலகம் முழுவதும் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் அதை ஒட்டியும் மாண்டார்கள். இது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல்! இவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் ஏழை நாட்டுப் பெண்கள். உதிரப்போக்கும், ரத்தக் கொதிப்பும், ஜன்னியும் ஏழை நாடு, பணக்கார நாடு என்று பார்த்து வருவதில்லை. வந்தபோது தடுக்க ஆள் இருந்தாளா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். அந்த ஆளை யார் படிக்க வைத்தது, யார் சம்பளம் கொடுத்தது, யார் அவள் கையைக் கட்டிப் போட்டது என்பதுதான் கேள்வி. இதற்கு ஒவ்வொரு நாட்டின் சரித்திரமும் சாட்சி சொல்கிறது.

வியன்னா வார்டுகள் சொல்லும் சாட்சி

முதல் சாட்சியை வியன்னா நகரத்திலிருந்து அழைப்போம். அங்கே பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டில் டாக்டர்களும் டாக்டர் படிப்பு மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிப் படிப்பு மாணவிகள் பார்த்தார்கள். 1846ல் முதல் வார்டில் பிரசவித்த தாய்மார்களில் 100க்கு 11 பேர் மாண்டார்கள். இரண்டாவது வார்டில் 100க்கு 3 பேருக்கும் குறைவு. ஏழைப் பெண்கள் முதல் வார்டுக்குப் போக மாட்டோம் என்று அழுது கெஞ்சினார்கள். அவர்களைத்தான் ‘அறியாமை’ என்று ஏசினார்கள்!

செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். படித்த கனவான்கள் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வந்தார்கள். 1847ல் குளோரின் கரைத்த தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டதும் சாவு மளமளவென்று இறங்கியது. பெரிய டாக்டர்களில் பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் கையில் அழுக்கு இருக்கும் என்று ஒப்புக்கொள்ள அவர்களுடைய அந்தஸ்து இடம் கொடுக்கவில்லை.

நாம் டாக்டர்களுக்கு விரோதிகளா? இல்லை. செம்மல்வைஸும் ஒரு டாக்டர்தான். சாவுக்குக் காரணம் அழுக்குக் கை. அந்தக் கை பட்டம் வாங்கிய கையா, கைநாட்டு வைக்கும் கையா என்று கிருமி பார்ப்பதில்லை. இதுதான் நாம் சொல்வது.

ஸ்வீடன் செய்ததும் அமெரிக்கா செய்ததும்

ஸ்வீடன் அப்போது பணக்கார நாடு அல்ல. பனியில் புதைந்த விவசாயிகளின் நாடு. 1751ல் அந்த நாட்டு வைத்திய அதிகாரிகள் கணக்குப் பார்த்தார்கள். பிரசவத்தில் செத்த 651 பெண்களில் குறைந்தது 400 பேரை, போதிய மருத்துவச்சிகள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று கண்டார்கள். ‘மருத்துவச்சிகளை ஒழி’ என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. ‘மருத்துவச்சிகளைப் படிக்க வை’ என்று முடிவு கட்டினார்கள். கிராமங்களுக்குப் படித்த மருத்துவச்சிகளை அனுப்பினார்கள். டாக்டர் எட்டாத ஊர்களில் கருவி போட்டுக் குழந்தையை எடுக்கக்கூட, தனிப் பரீட்சை தேறிய மருத்துவச்சிக்கு 1829ல் உரிமை கொடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் 1 லட்சம் பிரசவத்துக்கு சுமார் 900 தாய்மார்கள் மாண்ட நாட்டில், 1900ல் அது சுமார் 230 ஆக இறங்கியது. பென்சிலின் இல்லாத காலம் அது. ரத்த வங்கி இல்லாத காலம் அது. இருந்தது படிப்பு, சுத்தம், பொது ஏற்பாடு.

இப்போது அமெரிக்காவைப் பாருங்கள். 1900 வாக்கில் அங்கே பாதிப் பிரசவங்களை மருத்துவச்சிகள்தான் பார்த்தார்கள். நாடு கடந்து வந்த தொழிலாளிப் பெண்களுக்கும் தெற்கே நீக்ரோ மக்களுக்கும் அவர்கள்தான் கதி. டாக்டர் சங்கத் தலைவர்களில் பலர், இவர்களைப் படிக்க வைப்பதற்குப் பதிலாக ஒழித்துக்கட்டக் கிளம்பினார்கள். மருத்துவச்சியிடம் போகும் ஒவ்வொரு கேஸும் டாக்டரிடம் வராத பீஸ் அல்லவா! 1921ல் தாய்சேய் நலத்துக்கென்று ஷெப்பர்ட்–டௌனர் சட்டம் வந்தது. மத்திய சர்க்கார் பணத்தில் கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை நிலையங்களும் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் நடந்தன. அமெரிக்க வைத்திய சங்கம் ‘சோஷலிஸம் வருகிறது’ என்று கூப்பாடு போட்டது. 1929ல் சட்டம் செத்தது.

பலன் என்ன? 1920 வாக்கில் ஸ்வீடனில் 1 லட்சம் பிரசவத்துக்கு 300 தாய்மார்களுக்கும் குறைவாக மாண்டபோது, டாலர் நாட்டில் சுமார் 700 பேர் மாண்டார்கள். தெற்கே, பருத்திக் காட்டுக் கூலிகளின் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்திய கறுப்பின மருத்துவச்சிகளின் பைகளை இன்ஸ்பெக்டர்கள் சோதித்தார்கள், லைசென்ஸ் கொடுத்தார்கள். பிறகு அந்த லைசென்ஸையும் பறித்தார்கள். அலபாமாவில் 1976ல் வந்த சட்டம் அவர்களுக்குக் கதவை மூடியது. இன்றும் கணக்கு மாறவில்லை. 2023ல் அங்கே வெள்ளைப் பெண்களில் 1 லட்சத்துக்கு 14.5 பேர் பிரசவ மரணம் அடைந்தார்கள். கறுப்பினப் பெண்களில் 50.3 பேர். உலகத்திலேயே வைத்தியத்துக்கு அதிகமாகச் செலவழிக்கும் நாட்டின் லட்சணம் இது!

சட்டம் யார் கையில்?

சட்டம் வேண்டாம் என்கிறோமா? வேண்டும். சட்டம் ஆயுதம், யார் கையில் இருக்கிறது என்பதே விஷயம்.

இங்கிலாந்தில் 1902ல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு செய்யாதவள் 1910 முதல் கூலிக்குப் பிரசவம் பார்க்கக் கூடாது என்றது. பதிவேட்டை ஆள ஒரு மத்திய போர்டு அமைந்தது. அந்தப் போர்டில் ஒரு மருத்துவச்சியாவது உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை! டாக்டர்கள் உட்கார்ந்து மருத்துவச்சியை விசாரித்தார்கள். அவள் வீடு சுத்தமா, நடத்தை எப்படி என்றெல்லாம் பார்த்தார்கள். கேஸ் முற்றினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. அந்த டாக்டருக்குப் பீஸ் கொடுப்பது யார்? சுரங்கத் தொழிலாளியின் மனைவியா? அவளை விட ஏழையான மருத்துவச்சியா? 1918ல்தான் அதை ஸ்தல நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்று திருத்தினார்கள். மருத்துவச்சிக்கு மாதச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைக்க வேண்டும் என்ற சட்டம் வர 1936 ஆயிற்று. 30 வருஷங்களுக்கு மேல் ஏறக்குறைய அசையாமல் நின்ற பிரசவ மரணம் அந்தச் சமயத்தில்தான் சரியத் தொடங்கியது. ஜன்னியைத் தடுக்கும் சல்ஃபா மருந்தும் அப்போது வந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஹாலந்தில் 1865லேயே மருத்துவச்சியைத் தனி வைத்தியத் தொழிலாகச் சட்டம் ஏற்றது. சாதாரணப் பிரசவம் அவள் பொறுப்பு. சிக்கல் என்றால் டாக்டர் பொறுப்பு. பிரசவித்த வீட்டுக்கு சுமார் 8 நாள் உதவியாள் வந்து தாயையும் சேயையும் கவனித்துப் போகிறாள். இதற்கு இன்சூரன்ஸில் ஏற்பாடு உண்டு.

படிப்பு இல்லாமல் உரிமை கொடுத்தால் தாய்க்கு ஆபத்து. படிப்புக் கொடுத்து உரிமை கொடுக்காவிட்டால் அந்தப் படிப்பு வீண். இரண்டும் கொடுத்துச் சம்பளம் கொடுக்காவிட்டால் மருத்துவச்சியே பட்டினி. மூன்றும் சேர வேண்டும்.

கடலுக்கு அப்பால் நம் பெண்கள்

பக்கத்து இலங்கையில் 1930களில் 1 லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மார்களுக்கு மேல் மாண்டார்கள். 1926ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார நிலைய ஏற்பாடு பின்னர் தீவு முழுவதும் பரவியது. 18 மாதம் பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருத்தி சில ஆயிரம் ஜனங்களுக்குப் பொறுப்பு. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிறாள். ஆபத்தான கேஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாள். அங்கே காசு கேட்பதில்லை. மலேரியா ஒழிப்பும் கை கொடுத்தது. இன்று 1 லட்சத்துக்கு சுமார் 30. பணக்கார நாடாகிவிட்டுப் பிறகு இதைச் செய்தார்களா? இல்லை. ஏழை நாடாக இருந்தபோதே செய்தார்கள்.

ஆனால் இந்த வெளிச்சம் எங்கே படவில்லை? தேயிலைத் தோட்டத்து லயன்களில் படவில்லை! தோட்டத் தொழிலாளியின் வைத்தியம் துரையின் பொறுப்பு என்று சர்க்கார் ஒதுங்கி நின்றது. 1948ல் குடியுரிமையையும் பறித்தது. 1970களில் தோட்டங்கள் தேச உடைமை ஆகும்வரை நம் தமிழ்ப் பெண்கள் கம்பெனி வைத்தியத்தில்தான் கிடந்தார்கள். ஒரே தீவு, ஒரே மழை, ஒரே சர்க்கார். கிராமத்துப் பெண்ணுக்கு மருத்துவச்சி. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கங்காணி!

மலேயாவில் 1950ல் 1 லட்சத்துக்கு 534 தாய்மார்கள் மாண்டார்கள். அந்தச் சர்க்கார் கிராமத்துக் கிழ மருத்துவச்சிகளைச் சிறையில் தள்ளவில்லை. 1966 சட்டத்தின்படி பதிவு செய்தது, சுத்தம் கற்பித்தது, பயிற்சி பெற்ற சர்க்கார் மருத்துவச்சியோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தது. ஜனங்கள் நம்பிய கிழவியே அவர்களைக் கைபிடித்துக் கிளினிக்குக்கு அழைத்து வந்தாள். 1990களில் மரணம் 50க்கும் கீழே இறங்கியது.

தொழிற்சங்கம் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரி

மில் தொழிலாளித் தோழர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பாரிஸ் நகரத்தில் உலோகத் தொழிலாளர் சங்கம் 1937ல் தனக்கென்று ஒரு மருத்துவமனையை வாங்கியது. யுத்தம் முடிந்து 1947ல் அங்கே பிரசவப் பகுதி திறந்தது. அதன் தலைமை டாக்டர் லமாஸ் 1951ல் சோவியத் நாட்டுக்குப் போனார். சரியான விளக்கமும் மூச்சுப் பயிற்சியும் பெற்ற பெண்கள் அச்சமின்றிப் பிள்ளை பெறுவதைக் கண்டார். திரும்பி வந்து சங்கத்தின் ஆஸ்பத்திரியில் 1952ல் அந்த முறையைத் தொடங்கினார். கர்ப்பிணிக்குப் பாடம் நடந்தது. கணவனும் கூட இருந்தான். மருத்துவச்சி பக்கத்தில் நின்று தைரியம் சொன்னாள். சோவியத் யூனியன் 1991ல் கலைந்தது. ஆனால் இன்று அமெரிக்கச் சீமாட்டிகள் காசு கொடுத்துக் கற்கும் ‘லமாஸ் பயிற்சி’யின் பிறப்பிடம், பாரிஸ் தொழிலாளிகளின் சந்தாப் பணத்தில் நடந்த ஆஸ்பத்திரிதான்!

நம் நாட்டில் நடந்தது என்ன?

இங்கே பிரசவம் பார்ப்பது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டது. தமிழ்க் கிராமங்களில் நாவிதர் வீட்டுப் பெண்தான் மருத்துவச்சி. வடக்கே அநேக இடங்களில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள். தொப்புள்கொடி அறுப்பது தீட்டாம்! கீழத் தஞ்சையில் ஒரு கிழ மருத்துவச்சி என்னிடம் சொன்னாள்: “ராத்திரி உள் அறை வரைக்கும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவாங்க, தம்பி. விடிஞ்சா நான் வாசல்ல நின்னுதான் நெல்லு வாங்கணும்.” இவளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா? சோப்பு உண்டா? கொதித்த தண்ணீரில் போட்ட கத்தி உண்டா? ஒன்றும் கொடுக்காமல், பிறகு ‘படிக்காதவள்’ என்று அவளைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்!

சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844ல் வந்தது. 1854ல் மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியது. 1926ல் சென்னை மாகாண நர்ஸ், மருத்துவச்சிகள் சட்டமும் வந்தது. ஆனால் 1946ல் போர் கமிட்டி எண்ணிப் பார்த்தபோது இந்தியா முழுவதற்கும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் சுமார் 5,000 பேர்! வருஷத்துக்கு சுமார் 2 லட்சம் தாய்மார்கள் சாவதாக அதே கமிட்டி கணக்கிட்டது. பட்டாளத்துக்கும் ரயிலுக்கும் பணம் இருந்த வெள்ளைக்கார சர்க்காருக்கு இதற்கு மட்டும் பணம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு துணை நர்ஸ்–மருத்துவச்சிகள் கிராமத்துக்கு வந்தார்கள். நல்ல காரியம். ஆனால் 1960களின் நடுவிலிருந்து குடும்பக் கட்டுப்பாட்டு ‘டார்கெட்’ அவர்கள் தலையில் ஏறியது. இத்தனை கேஸ் பிடித்துக் கொண்டு வா, இல்லாவிட்டால் சம்பளம் நிற்கும் என்ற மிரட்டல்! பிள்ளை பெற உதவ வந்தவளை ஆள் பிடிக்கும் ஏஜெண்டாக்கினார்கள். 1977ல் 2 வருஷப் பயிற்சியை 18 மாதமாக வெட்டினார்கள். பிரசவம் பார்க்கும் கை தொழில் மறந்தது. பிறகு 2018ல், நர்ஸ் படிப்பு முடித்தவருக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுத்து மருத்துவச்சி ஆக்குவோம் என்று மத்திய சர்க்கார் திட்டம் அறிவித்தது. 40 வருஷம் அழித்துவிட்டுப் புதிதாகக் கண்டுபிடித்தது போல் பேசுகிறார்கள்!

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். 2018–20 கணக்கில் இந்தியாவில் 1 லட்சத்துக்கு 97 தாய்மார்கள் மாண்டபோது இங்கே 54. இது சாதனைதான். கிராம சுகாதார நர்ஸும் ஆரம்ப சுகாதார நிலையமும் சம்பாதித்துக் கொடுத்த சாதனை. வீட்டிலேயே பெற்றுக்கொள்ளுங்கள் என்று யூடியூபில் உபதேசம் செய்கிற பேர்வழிகளோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனால் அடுத்த கணக்கையும் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 100க்கு சுமார் 64 சிசேரியன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் 36. ஒரு சமூகத்தில் 100க்கு 10ஐத் தாண்டி சிசேரியன் கூடுவதால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015ல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. வேண்டிய நேரத்தில் சிசேரியன் உயிர் காக்கும். அதில் சந்தேகமே இல்லை. வேண்டாத நேரத்தில் எதற்கு?

மில் தொழிலாளிக்கு இது எளிதில் புரியும். இது பீஸ் ரேட் தத்துவம்! சுகப்பிரசவம் என்றால் 12 மணி நேரம், 18 மணி நேரம் ஒருத்தி பக்கத்தில் காத்திருக்க வேண்டும், பில் சின்னது. ஆபரேஷன் என்றால் ஒரு மணி நேரம், பில் பெரியது. பிரேசில் நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் 100க்கு 80க்கும் மேல் இப்படித்தான் போயிற்று. சர்க்கார் ஆஸ்பத்திரியில் லாப நோக்கம் இல்லை. அங்கே காத்திருக்க ஆள் இல்லை. ஒரு நர்ஸ் எத்தனை தாய்மார்களின் முதுகைத் தடவிக் கொடுப்பாள்?

எங்கள் மில் கேட் கூட்டத்துக்கு ஒரு வாலிபத் தோழர் மனைவியின் ஆபரேஷன் பில்லைக் கொண்டு வந்தார். தாலி அடகுக் கடையில். ஆறு வார ஓய்வு வேண்டிய அந்தப் பெண் மூன்றாவது வாரமே களை பறிக்கப் போனாள். வட்டி காத்திருக்குமா?

அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார வேண்டிய நர்ஸின் கதி என்ன? 2015 முதல் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடிய பிறகுதான் ஊதியம் கொஞ்சம் நகர்ந்தது. 2023ல் மத்திய சர்க்கார் நர்ஸ்–மருத்துவச்சிக் கமிஷன் சட்டம் கொண்டு வந்து 1947 சட்டத்தை ரத்து செய்தது. தலைமையை மேலிருந்து நியமிப்பார்களாம். 1902 இங்கிலாந்தின் நாற்காலி இங்கே வந்துவிட்டது!

நாம் கேட்பது

ஒன்று: பிரசவ வார்டுகளில் தாய்மார்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி நர்ஸுகளை நியமி, ஒப்பந்தத்தை ஒழித்து நிரந்தரமாக்கு.

இரண்டு: மருத்துவச்சிப் படிப்பைச் சர்க்கார் கல்லூரிகளில் சம்பளத்தோடு நடத்து, தேறியவருக்குச் சுகப்பிரசவப் பொறுப்பையும் உரிமையையும் கொடு.

மூன்று: கமிஷனிலும் கவுன்சிலிலும் வேலை செய்யும் நர்ஸுகள், மருத்துவச்சிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் உட்கார வேண்டும்.

நான்கு: ஒவ்வொரு தனியார் ஆஸ்பத்திரியும் தன் சிசேரியன் கணக்கை வாசலில் எழுதி வைக்கச் சட்டம் செய்.

ஐந்து: மில் பெண்ணுக்குச் சட்டம் தரும் 26 வாரச் சம்பள விடுமுறை, விவசாயக் கூலிப் பெண்ணுக்கு இல்லை. தவணை தவணையாக வரும் உதவித் தொகை போதாது. இழந்த கூலி முழுவதையும் சர்க்கார் கொடுக்க வேண்டும்.

ஆறு: மிச்சமிருக்கும் கிழ மருத்துவச்சிகளுக்குப் பென்ஷன் கொடு. இந்த நாட்டின் பாதி ஜனங்களைக் கையில் ஏந்தியவர்கள் அவர்கள்.

தோழர்களே! அடுத்த கிராம சபையில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் எத்தனை நர்ஸ்? அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம்? சிக்கலான கேஸை எத்தனை நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியும்? பதிலை எழுதி வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தீர்மானம் போடுங்கள். பெண் தோழர்கள் முன்னால் நில்லுங்கள். இது உங்கள் உயிர் விஷயம். நர்ஸுகள் போராடும்போது மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கொடியோடு போய் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கூண்டில் ஏற வேண்டியவள் மருத்துவச்சி அல்ல. அவளைப் படிக்க வைக்காதவர்களும், படித்தவளுக்குச் சம்பளம் கொடுக்காதவர்களும், தாயின் வேதனையில் பில் போடுகிறவர்களும்தான்!